நல்லுணவுப் பேரவையும் ஒரு தட்டு மீனும்

திருத்தணி வட்டாரத்தில் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் நல்லுணவுப் பேரவை சும்மா இருக்காது. கஷ்டம் இல்லையென்றாலும் சும்மா இருக்காது. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், கணக்கில்லாத துணைத்தலைவர்கள், 'நுகர்வோரே அரசர்' என்ற முழக்கம், போகிற இடமெல்லாம் கட்டிக்கொள்ள ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் உண்டு. இதெல்லாம் பூபாலனுக்குத் தெரியாது. அவன் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டி லுங்கி நெய்கிறவன். அன்று சாயங்காலம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அரக்கோணம் சாலையில் இருக்கும் கலிலேயா உணவகத்துக்கு அவன் வந்ததற்கு ஒரே காரணம்தான். அவள் ஒரு தட்டு மீன் சாப்பிட வேண்டும்.

விஜிக்கு நாலாம் மாதம். மற்றப் பெண்கள் மசக்கையில் மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். இவள் எதையுமே கேட்கவில்லை. தெருவில் எந்த வீட்டில் கடுகு வெடித்தாலும், கறிவேப்பிலை பொரிந்தாலும், குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தாள். கஞ்சி நிற்கவில்லை, இட்லி நிற்கவில்லை, தண்ணீர்கூட அரைமனதாகத்தான் நின்றது. கன்னம் ஒட்டிப்போய்க் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அன்று மத்தியானம் டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லிவிட்டார்:

"நாளைக்குக் காலைக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு வயித்துல நிக்கணும். இல்லேன்னா பெட்ல சேர்த்துடுங்க, குளுக்கோஸ் ஏத்தலாம். உள்ள இருக்கறது தாங்கணும் இல்ல?"

உள்ளே நின்றது இதுவரைக்கும் ஒன்றே ஒன்றுதான். கலிலேயாவின் எலுமிச்சை மீன்.

கலிலேயா நேசகுமாரின் கடை. அவர் கப்பலில் இத்தாலிச் சமையல்கட்டில் பல வருஷம் நின்றவர். கப்பலை விட்டு இறங்கி, மனைவி கிருபாவோடு சொந்த ஊருக்கு வந்து, ஆறே மேசை போட்டுக் கடை திறந்தார். காசிமேட்டு மீன் விடியற்காலை ரயிலில் வந்து இறங்கும். முதலில் சர்ச் ஆட்கள் கடமைக்கு வந்தார்கள், பிறகு மற்றவர்கள் ருசிக்கு வந்தார்கள். மேசைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட விரிப்பு. அது பூபாலனின் தறியில் நெய்த லுங்கித் துணி. போன மாதம் அந்தத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் விஜியும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்திருந்தாள். கிருபா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தட்டை நீட்டினார். வெண்ணெயில் வாட்டிய வஞ்சிரம், மேலே எலுமிச்சை, பக்கத்தில் நூல்போல மெல்லிசாக வேகவைத்த இத்தாலி சேமியா. தாளிப்பு இல்லை, மசாலா வாடை இல்லை. விஜி சாப்பிட்டாள். பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்து, படுத்துத் தூங்கி எழுந்த பிறகும் அது உள்ளேயே இருந்தது. பூபாலன் அன்று அழாத குறை.

அப்படியானால் தினமும் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். பஸ்ஸில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றியது, போன தடவை பட்ட பாடு போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இன்று டாக்டரம்மா சொன்ன பிறகு அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஆனால் இன்று இன்னொரு சிக்கல். விஜிக்கு மூன்று வருஷம் குழந்தை தங்காமல் இருந்தபோது, அவள் மலையேறிப்போய் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்: கிருத்திகை நட்சத்திரம் நிற்கிற நேரம் முழுக்க அசைவத்தைத் தொடமாட்டேன். அதற்கப்புறம்தான் இது தங்கியது. இன்றைக்கு இரவு எட்டு மணிக்குக் கிருத்திகை பிறக்கிறது. கலிலேயாவிலும் அப்படித்தான். கோயில் ஊரில் கிறிஸ்தவன் மீன் கடை வைத்திருக்கிறான் என்றால் நாள், நட்சத்திரம் எல்லாம் அவனுக்குத்தான் மற்றவர்களைவிடச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு அடித்ததும் நேசகுமார் அடுப்பை அணைத்துவிடுவார். எட்டுக்கு மேல் மீன் கிடையாது, கிடைத்தாலும் விஜி தொடமாட்டாள்.

ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டோம், ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று பூபாலன் நிம்மதியாகக் கதவைத் திறந்தான். உள்ளே பேரவை உட்கார்ந்திருந்தது.

மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மேசைகளைச் சேர்த்து மேடையாக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால், சமையல்கட்டு வாசலையும் தட்டு நீட்டும் ஜன்னலையும் முழுக்க மறைத்து, 'நுகர்வோரே அரசர்' பேனர் தொங்கியது. அதில் தலைவர் பரசுராமன் இரண்டு கைகளையும் கூப்பி ஆளுயரத்துக்குச் சிரித்தார்.

நேசகுமார் பேனரின் ஓரத்திலிருந்து தலையை நீட்டினார். அவர் கழுத்தில் ஏற்கெனவே ஒரு மாலை இருந்தது.

"தம்பி, இன்னிக்கு எனக்கு விருது குடுக்கறாங்களாம். முடிஞ்சதும் அவங்க அத்தினி பேருக்கும் நான் மீன் விருந்து போடணுமாம். நான் கேக்கவே இல்ல. வேணாங்கன்னேன். வேணாம்னா லைசன்ஸ் ஆபீஸுக்கு நாலு வரி எழுதிப் போடறோம்னு சிரிச்சுகினே சொன்னாங்க."

"அண்ணே, விஜிக்கு ஒரு தட்டு மீன் மட்டும். மத்தியானத்துலேர்ந்து தண்ணி கூட நிக்கல."

"அடுப்பு எரிஞ்சுகினுதான் இருக்குது. குடுக்க உட்டா இப்பவே குடுக்கறேன்."

குடுக்க விடவில்லை. செயலாளர் ஸ்ரீதர், கையில் மைக்கோடு, பூபாலனின் முன்னால் வந்து நின்றார். வெளுத்த சட்டை, அதில் பேரவையின் பேட்ஜ், பேட்ஜைச் சுற்றி ஒரு சின்ன சாமந்திச் சரம்.

"விருது வழங்கி முடியற வரைக்கும் இந்த வளாகத்துல யாரும் சாப்பிடக்கூடாதுங்க. நம்ம பேரவையோட துணைவிதி."

"ஏன் சார்?"

"நல்ல கேள்வி. விழிப்புணர்வு இருக்குது உங்களுக்கு. இப்ப சாப்பிட்டீங்கன்னா, விருது வாங்காத ஓட்டல்ல சாப்பிட்ட நுகர்வோர் ஆயிடுவீங்க. அது உங்க உரிமைக்கு விரோதம். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"இன்னா விருது சார் இது?"

"துரித சேவைச் சுடர்," என்றார் ஸ்ரீதர் பெருமையோடு. "ஆர்டர் குடுத்த கால் மணிக்குள்ள தட்டு மேசைக்கு வந்துடுதாம் இங்க. வட்டாரத்துலயே இந்த வேகம் கிடையாது."

பூபாலன் விஜியைப் பார்த்தான். அவள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரன் நெய்த விரிப்பின்மேல் தலையைச் சாய்த்திருந்தாள். அங்கே வேறு போகிற மாதிரி கடை ஏதும் இல்லை. இருந்த கடைகளிலெல்லாம் சாம்பார் வாடை வாசலிலேயே வரவேற்கும்.

"சார், என் சம்சாரம் வயித்துப்புள்ளக்காரி. ஒரு வாய் சாப்பிட்டா போதும். உங்க கால்ல உழறேன்."

ஸ்ரீதர் ஒரு கணம் யோசித்தார். அவர் முகத்தில் பெரிய கருணை பிறந்தது.

"ஒண்ணு பண்ணலாம். விழாவுல நுகர்வோர் பிரதிநிதி ஒருத்தர் மேடையில இருக்கணும், அதுவும் விதி. வழக்கமா வர்ற நுகர்வோர் இன்னிக்கு வரல. அவருக்கு வயித்துப்போக்கு."

"ஐயோ, இன்னா ஆச்சு?"

"போன வாரம் நாம விருது குடுத்த ஓட்டல்ல சாப்பிட்டாரு. அது கிடக்கட்டும். நீங்க மேடையில வந்து உக்காருங்க. விருது முடிஞ்சதும் முதல் தட்டு பிரதிநிதி குடும்பத்துக்குத்தான். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷம் என்று ஒரு சங்கத்துக்காரர் சொன்னால் என்ன அர்த்தம் என்று பூபாலனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தறிக்காரனுக்குப் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். அவன் போய் மேடையில் உட்கார்ந்தான்.

முதலில் விளக்கேற்றினார்கள். குத்துவிளக்கா, மெழுகுவர்த்தியா என்று ஒரு விவாதம் நடந்து, கடைக்காரர் மனம் புண்படாமல் இருக்க இரண்டையும் ஏற்றுவது என்று முடிவானது. சுடர் அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள். சின்னக் கூடம், சேர்ந்தாற்போல் முப்பது பேர், பேனர் மூடியதால் காற்று வர இருந்த ஒரே வழியும் அடைப்பு. எரிந்த எண்ணெய் வாடை எழுந்ததும் விஜி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். மேடையிலிருந்து பூபாலனுக்கு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

பிறகு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார், துணைத்தலைவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டார்கள். யாரையும் விட்டுவிடக்கூடாது என்பதில் பேரவை மிகவும் கவனமாக இருந்தது. பிரதிநிதி என்பதால் பூபாலனுக்கும் இரண்டு விழுந்தன. விரலில் நெருடிப் பார்த்தான், சுத்த பாலியஸ்டர். அந்தப் புழுக்கத்தில் கழுத்து நமைத்தது. எடுத்து மடியில் வைத்தபோது ஸ்ரீதர் மெதுவாகத் தட்டி, "கௌரவம்," என்று மறுபடியும் தோளில் போட்டார்.

தலைவர் பரசுராமன் மைக்கைப் பிடித்தார்.

"நான் இந்த உணவகத்தில் ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை. அதனால்தான் என்னால் நடுநிலையோடு விருது கொடுக்க முடிகிறது." கைத்தட்டல். "பசி என்றால் என்ன என்று இந்தப் பேரவைக்குத் தெரியாதா? வாரம் தவறாமல் இரண்டு உணவகங்களில் நாங்கள் குடும்பத்தோடு ஆய்வு நடத்துகிறோம். இதோ, இந்த மேசை விரிப்பைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்! நம் ஊரில் இப்படி ஒரு நெசவு உண்டா?" பூபாலன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்திருந்தால் அதைத்தான் இடுப்பில் கட்டியிருப்பான். "நுகர்வோர் காத்திருக்கலாமா? கேட்கிறேன், காத்திருக்கலாமா? ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது! இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்."

விரிவாகவே பேசினார். சுவரில் கடிகாரம் ஏழைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பூபாலன் ஸ்ரீதரின் சட்டையைத் தொட்டான்.

"சார், பத்து நிமிஷம்னீங்களே."

"செயல்முறை விளக்கம் வருது, இருங்க," என்ற ஸ்ரீதர் மைக்கை வாங்கி அறிவித்தார்: "துரித சேவை எப்படி இருக்கும் என்பதை இப்போது நேரடியாகப் பார்ப்போம்! நுகர்வோர் ஆர்டர் கொடுக்கிறார்!"

பூபாலனின் வாய்க்கு நேரே மைக் வந்தது. "எலுமிச்ச மீன் ஒண்ணு," என்றான், குரல் கூடமெங்கும் அதிர்ந்தது. விஜி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஸ்ரீதர் சொன்ன கால் மணிகூட நேசகுமார் எடுத்துக்கொள்ளவில்லை. பேனரின் கீழே குனிந்து தட்டோடு வந்தார். வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த அந்த மணம் கூடத்தில் பரவியது. விஜி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பூபாலன் இரண்டு கைகளையும் நீட்டினான். தட்டு அவன் கையில் விழவில்லை, தலைவரின் கையில் விழுந்தது.

"நான்தான் வழங்கணும்," என்றார் பரசுராமன். "போட்டோ!"

தலைவர் வழங்க, பூபாலன் பெறுவதுபோல் ஒரு படம். தலைவரின் கை மீனை மறைத்துவிட்டதாகப் படம் எடுத்தவர் சொன்னதால் இன்னொன்று. செயலாளரின் கை அதில் இல்லை என்பதால் இன்னொன்று. துணைத்தலைவர்கள் வருத்தப்படுவார்கள் என்று எல்லாரும் ஒரு விரலாவது தட்டில் படும்படி வைத்து இன்னொன்று. ஒரு தட்டை அத்தனை பேர் பிடித்து அதற்கு முன் அந்த ஊர் பார்த்ததில்லை. பூபாலனும் பிடித்துக்கொண்டிருந்தான், விட்டால் போய்விடும் என்ற பயத்தில்.

"சார், இத என் சம்சாரத்துக்கு..."

"தாராளமா. சுவைத் தரக்குழு ஒரு சின்னத் துண்டு பார்த்துட்டா உங்களுக்குத்தான். தரம் பார்க்காத உணவை நுகர்வோருக்குக் குடுக்கலாமா? தப்பில்லையா?"

சுவைத் தரக்குழு என்பது தலைவரும் செயலாளரும் அவர்கள் இரண்டு பேரும் மதிக்கிற ஒரு துணைத்தலைவரும். தலைவர் ஒரு துண்டு எடுத்தார். அது எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு துண்டு தேவைப்பட்டது. செயலாளர் தலைவரின் கருத்தோடு ஒத்துப்போகிறாரா என்று பார்க்க மூன்றாவது துண்டு. துணைத்தலைவர் சேமியாவை ஆராய்ந்தார். "மிக நன்று," என்று தலைவர் மைக்கில் அறிவித்துவிட்டுத் தட்டைப் பூபாலனிடம் கொடுத்தபோது அதில் ஓர் எலுமிச்சைத் துண்டு இருந்தது.

பூபாலனுக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. எழுந்து போய்விடலாமா? போனால் முதல் தட்டும் போகும். இருந்தால்தான் அடுத்த தட்டு. அவன் எலுமிச்சையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விருதை இன்னும் கொடுக்கவில்லை. அதைக் கொடுக்கவேண்டிய மாநில ஒருங்கிணைப்பாளர் இளங்கோவன் சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தார். ஏழரைக்குமேல் ஒரு வழியாக வந்து சேர்ந்தார். அவருக்குப் பொன்னாடைகள் போர்த்தி, அவர் எல்லாருக்கும் திருப்பிப் போர்த்தி, வரவேற்புரை மறுபடியும் வாசித்து முடித்ததும் அவர் பேசினார்.

"நுகர்வோர் என்பவர் யார்? மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் நுகர்வோர் அல்ல. அவர் வெறும் வாடிக்கையாளர். தன் உரிமை நிலைநாட்டப்படும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவரே நுகர்வோர்! அந்த வகையில் இதோ, மேடையில் இருக்கும் இந்த எளிய மனிதர்..." அவர் பூபாலனின் தோளில் கை வைத்தார். "இவர் முகத்தைப் பாருங்கள். என்ன ஒரு விழிப்புணர்வு!"

இவர் முகம் விஜி உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பியிருந்தது. அவள் கண்ணை மூடி, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. முன்வரிசையில் ஒருவர், அந்தப் பெண்ணுக்கு விசிறி போடக்கூடாதா என்று கேட்டார். விளக்கு அணைந்தால் சகுனத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது.

எட்டு அடிக்கச் சற்று முன்னால் கடைசி வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"தலைவரே, ஒரு விஷயம். எட்டுக்குக் கிருத்திகை பொறக்குது. அதுக்கப்புறம் மீன் எப்படிச் சாப்பிடறது? போட்டோ வேற எடுக்கறாங்க. நாளைக்கு மலையில மூஞ்சி காட்ட வேணாமா?"

கூடம் அன்று முதல்முறையாக உண்மையான அதிர்ச்சிக்கு உள்ளானது. நுகர்வோர் பசி வேறு, பேரவையின் பசி வேறு. முப்பது பேரின் மூக்கிலும் அந்த வெண்ணெய் மணம் இன்னும் இருந்தது.

"எந்தப் பஞ்சாங்கப்படி எட்டு?" என்றார் பரசுராமன்.

அங்கேதான் பிடித்துக்கொண்டது. ஒருவர் வாக்கியப் பஞ்சாங்கம் என்றார். இன்னொருவர் திருக்கணிதம்தான் சரி, அதில் நட்சத்திரம் வேறு நேரம் என்றார். முன்னதாகவா பின்னதாகவா என்று அவருக்கு நினைவில்லை. நகைக்கடைக் காலண்டரை ஒருவர் போனில் காட்டினார், ஜவுளிக்கடைக் காலண்டரை இன்னொருவர் காட்டினார். அடிப்படை உறுப்பினர்கள் வாக்கியம், நிர்வாகிகள் திருக்கணிதம் என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. இளங்கோவன், மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் கிருத்திகை பிறக்க வழி செய்யவேண்டும் என்று கோரிக்கை வைத்தார்.

ஸ்ரீதர் மைக்கைத் தட்டினார். "நட்சத்திரம் யாருக்காக? பக்தருக்காக. பக்தர் யார்? அவரும் நுகர்வோர்தான். ஆகவே இது பேரவையின் வரம்புக்குள் வருகிறது. தீர்மானம் கொண்டு வருகிறேன்."

அப்போதுதான் பூபாலன் பார்த்தான், விஜியின் நாற்காலி காலியாக இருந்தது.

வாசலைப் பார்த்தான், இல்லை. சுவரோரம் எங்கேயும் இல்லை. மயங்கி விழுந்து யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? வெளியே சாலையில் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாளா? அரக்கோணம் பஸ்ஸெல்லாம் அங்கே பறந்துகொண்டு போகும். அவன் எழுந்தான். ஸ்ரீதர் பொன்னாடையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பிரதிநிதி எழுந்தா தீர்மானம் செல்லாது!"

"சார், என் பொண்டாட்டியக் காணோம் சார்!"

"நுகர்வோர் நலனுக்காக ஒரு நிமிஷம். கையத் தூக்கிட்டுப் போங்க."

"எதுக்குத் தூக்கணும்?"

"படிக்கிறேன் கேளுங்க. இப்பேரவையைப் பொறுத்தவரை, கிருத்திகை நட்சத்திரமானது விருந்து முடிந்து, நன்றியுரை நிறைவுற்ற பின்னரே தொடங்கியதாகக் கருதப்படும்."

"கை கழுவிய பின்னர்னு சேர்த்துக்குங்க," என்றார் ஒரு துணைத்தலைவர். திருத்தம் ஏற்கப்பட்டது.

பூபாலன் இரண்டு கைகளையும் தூக்கினான். தூக்கிய கையோடு மேடையிலிருந்து குதித்தான். பொன்னாடை ஒன்று மேசைக்காலில் மாட்டிக் கிழிந்தது. வாசலுக்கு ஓடி இருபுறமும் பார்த்தான், இல்லை. திரும்பி வந்தவன், தலைவர் கைகூப்பிச் சிரிக்கும் அந்தப் பேனரைத் தூக்கி, அவர் முழங்காலுக்குக் கீழே நுழைந்தான்.

சமையல்கட்டில் வெங்காயக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் விஜி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் முழுசாக ஒரு துண்டு வஞ்சிரம், எலுமிச்சை, நூல்போல சேமியா. கையில் கரண்டி. ஆனால் அவள் சாப்பிடவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

கிருபா பக்கத்தில் நின்றார். "அவங்கல்லாம் பஞ்சாங்கச் சண்டையில இருந்தப்ப, தெருப்பக்கம் போய்ப் பின்வாசல் வழியா நான்தான் கூப்ட்டுகினு வந்தேன், தம்பி. இந்த ஒரு துண்ட ஒளிச்சு வெச்சிருந்தேன். தட்டைக் கையில குடுக்கறேன், அந்த நேரம் பார்த்து மணி அடிச்சிடுச்சு. அதோட கரண்டிய நிறுத்திட்டா. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

சுவர்க்கடிகாரத்தில் எட்டு தாண்டியிருந்தது. நேசகுமார் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஜி அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திர எல்லைப்பக்கத்தில் கட்டிக்கொண்டவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆயிடுச்சு பாவா," என்றாள். "கிருத்திகை பொறந்துடுச்சு. எனக்குப் பசிக்குது பாவா. இத்தினி நாள்ல இன்னிக்குத்தான் பசின்னு ஒண்ணு தெரியுது. ஆனா நான் அவரண்ட வாக்குக் குடுத்துட்டேனே."

பூபாலன் தட்டைப் பார்த்தான். அந்தத் தட்டு, அந்த மீன், அவள் பசி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன, நடுவில் ஒரு நிமிஷம் குறுக்கே கிடந்தது. அந்த நிமிஷத்தைத் தின்றவர்கள் பேனருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பேனருக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல் எழுந்தது. பெரிய கைத்தட்டல். மைக்கில் ஸ்ரீதரின் குரல்: "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது!"

"இன்னா அது?" என்றாள் விஜி.

பூபாலன் அவள் முன்னால் குந்தினான்.

"கிருத்திகைய தள்ளி வெச்சிட்டாங்க."

"யாரு?"

"பேரவை. ஓட்டு போட்டு. இவங்க விருந்து முடிஞ்சு, நன்றி சொல்லி, கை கழுவினப்புறம்தான் நட்சத்திரம் பொறக்கணுமாம். நானும் கையத் தூக்கினேன். ரெண்டு கையும்."

விஜி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. மூன்று மாதமாக அவன் பார்க்காத அசைவு.

"சாமிக்குத் தெரியாதா பாவா?"

பின்வாசல் திறந்திருந்தது. மலைமேல் விளக்குகள் தெரிந்தன. பூபாலன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டான்.

"எல்லாம் தெரியும். ஆறரையிலேர்ந்து அவரும் அங்கேர்ந்து இந்த ஹாலைத்தானே பார்த்துகினு இருக்காரு? நீ எப்ப வந்த, தட்டு யாரு கைக்குப் போச்சு, எல்லாம் பார்த்துகினுதான் இருந்தாரு. பாவம்னு ஒண்ணு இருந்தா கை தூக்கினவங்க பிரிச்சு எடுத்துக்கட்டும். என் பங்கை நான் எடுத்துக்கறேன். நீ சாப்புடு."

விஜி மலையைப் பார்த்தாள், வயிற்றில் ஒரு கை வைத்தாள். பிறகு கரண்டியை வாயில் வைத்தாள்.

பேனர் படாரென்று விலகி ஸ்ரீதர் தலையை நீட்டினார். பின்னால் தலைவர்.

"என்ன நேசகுமார், எல்லாருக்கும் மீன் வரட்டுமே! தீர்மானம் ஆயிடுச்சு."

"அடுப்பு அணைஞ்சுடுச்சு சார்," என்றார் நேசகுமார் அமைதியாக. "எட்டாயிடுச்சே."

"அதான் தள்ளி வெச்சிட்டோமே, ஐயா!"

"நட்சத்திரத்தத்தான் சார் தள்ளி வெச்சீங்க. அடுப்பைப் பத்தி அதுல ஒண்ணும் படிக்கலையே."

தலைவரும் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் நியாயமாகத்தான் பட்டது. திருத்தம் கொண்டு வரலாம் என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியதோடு கூட்டம் முடிந்துவிட்டது என்றும், இனித் திருத்தம் என்றால் சிறப்புக் கூட்டம் கூட்ட ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் ஸ்ரீதர் சொன்னார். விதி விதிதான். இரண்டு பேரும் பேனருக்கு அந்தப் பக்கம் போனார்கள், அங்கே ஒரு முணுமுணுப்பு கிளம்பி மெதுவாகப் பெரிதானது.

பூபாலன் அதைக் கேட்கவில்லை. அவன் விஜியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வாய் இறங்கியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டாவது வாய் இறங்கியது. கிருபா ஒரு பக்கெட்டைத் தயாராகக் காலால் நகர்த்தி வைத்தார். அதற்கு வேலை வரவில்லை. மீன் முழுசும் தீர்ந்தது. உதட்டோரம் வெண்ணெய் வழிந்தது. பூபாலன் கௌரவத்துக்காகப் போட்ட பொன்னாடையால் துடைத்தான், அது துடைக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கிருபா மடித்து வைத்திருந்த மேசை விரிப்பு ஒன்றை எடுத்து அதால் துடைத்தான். துணி உறிஞ்சிக்கொண்டது.

விஜி காலித் தட்டைக் கிருபாவிடம் நீட்டினாள்.

"மீன் போதும்க்கா, அதோட நிறுத்திக்கறேன். அந்த நூலு மாதிரி இருக்குதே, அது மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

பேரவைக்கென்று வேகவைத்த அண்டா அப்படியே இருந்தது. கிருபா அகப்பையை ஆழமாக விட்டு அள்ளினார்.

வெளியே மைக் கரகரத்தது. "குழுப்படத்துக்கு ஆள் குறைகிறது. நுகர்வோர் பிரதிநிதி எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். நுகர்வோர் பிரதிநிதி..."

பூபாலன் எழுந்திருக்கவில்லை. விஜி மென்றுகொண்டிருந்தாள்.